தள்ளுவண்டித் தக்காளியும் எங்கள் தக்காளியும்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

கோயம்புத்தூரின் கிழக்குப் பக்கம் இரண்டு கிளைகள் உள்ள ஒரு சூப்பர் மார்க்கெட்டில் காய்கறிக் கொள்முதல் என் பொறுப்பாக இருந்தது. கடைக்கு வருமானம் மளிகையில்தான். காய்கறிப் பிரிவு, வாரத்துக்கு இரண்டு முறையாவது ஆட்களைப் படியேற வைப்பதற்காக வைத்திருந்தது.

தக்காளி, கத்திரி, வெண்டை எல்லாம் உடுமலைப்பேட்டைச் சந்தையிலிருந்து வரும். கேரட், பீன்ஸ், முட்டைக்கோஸ் போன்ற மலைக்காய்கள் மேட்டுப்பாளையம் மண்டியிலிருந்து. வாரத்துக்கு இரண்டு லோடு. வந்ததும் எடை போட்டு, அடிபட்டதைக் கழித்துவிட்டு, மீதியை எல்லாம் குளிர் அறைக்குள் ஏற்றிவிடுவோம். அந்த அறை முதலில் பாலுக்கும் தயிருக்கும் கட்டியது. அதனால் எப்போதும் 5 டிகிரி. காய்கறியும் பழமும் அதே அறையில், அதே குளிரில், ஒன்றோடொன்று உரசிக்கொண்டு இருக்கும்.

மாதக் கடைசியில் முதலாளி என்னிடம் கேட்கும் கணக்கு ஒன்றுதான்: எவ்வளவு கழிவு? குளிர் அறை வந்த பிறகு கழிவு பாதிக்குக் கீழே போனது. எல்லோருக்கும் சந்தோஷம். ருசிக்கு என்று அந்தக் கணக்குப் புத்தகத்தில் ஒரு கட்டம் இல்லை. அப்படி ஒன்று வேண்டும் என்று எனக்கும் தோன்றியதில்லை.

புகார்

பிப்ரவரி மாதம். பக்கத்துத் தெருவில் மெஸ் நடத்தும் ஒரு அக்கா, தினமும் ஐந்தாறு கிலோ தக்காளி எங்களிடம் எடுப்பவர், இரண்டு வாரமாக அரிசியும் எண்ணெயும் மட்டும் வாங்கிக்கொண்டு போனார். பில் போடும் பெண்தான் இதைக் கவனித்துச் சொன்னாள். அடுத்த முறை வந்தபோது நானே கேட்டேன்.

"தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க தக்காளி பார்க்கறதுக்கு நல்லாத்தான் இருக்குது. ரசத்துல போட்டா செகப்புத் தண்ணியாட்டம் இருக்குதுங்க. பத்துத் தக்காளி போட்டும் புளி கரைக்க வேண்டியிருக்குது. சாப்பிட வர்ற பசங்களே கேக்கறாங்க."

இப்போது எங்கே வாங்குகிறீர்கள் என்று கேட்டதற்கு, தெருமுனையில் நிற்கும் தள்ளுவண்டியைக் காட்டினார்.

புகார் புதிதல்ல. 'சூப்பர் மார்க்கெட் காய்ல ருசியே இல்ல' என்பதை வாடிக்கையாளர்கள் வெயிலைப் பற்றிப் பேசுவதுபோலச் சொல்லிவிட்டுப் போவார்கள். நாங்களும் தலையாட்டிவிட்டு விடுவோம். இந்த முறை ஒரு நாளைக்கு ஐந்தாறு கிலோ வியாபாரம் போயிருந்தது. அதனால் காது கேட்டது.

முதலில் நினைத்தது

முதலாளியிடம் சொன்னதும் அவர் யோசிக்கவே இல்லை. "எல்லாம் ஹைபிரிட் பண்ற வேலை. நாட்டுத் தக்காளி இறக்கிடு" என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது. ஹைபிரிட் வந்தது, ருசி போனது என்பது எங்கள் வீடுகளில் எல்லாம் கேட்ட கதை. இரண்டு விவசாயிகளிடம் நாட்டுத் தக்காளி பற்றி விசாரிக்கக்கூட ஆரம்பித்துவிட்டேன்.

அதற்கு முன்னால் ஒரு காரியம் செய்தேன், அதுவும் யோசித்துச் செய்ததல்ல. டீ குடிக்கப் போன வழியில் அந்தத் தள்ளுவண்டிக்காரரிடம் நின்று, எங்கே எடுக்கிறீர்கள் என்று கேட்டேன். அறுபது வயதைத் தாண்டியவர். வண்டிக்குக் கீழே வைத்திருந்த பிளாஸ்டிக் பெட்டியைக் காலால் தள்ளிக் காட்டினார். பெட்டியின் பக்கத்தில் பெயின்டில் எழுதியிருந்த எழுத்து, எங்களுக்கு லோடு அனுப்பும் அதே உடுமலை மண்டியின் எழுத்து. காயும் அதே ரகம்தான், நாங்கள் 'ஆப்பிள் தக்காளி' என்று விற்கிற கெட்டித் தோல் ஹைபிரிட்.

"நாட்டுத் தக்காளி இல்லீங்களா?"

"அது எங்கீங்க கிடைக்குது? இதுதான். நல்லாப் பழுத்ததாப் பார்த்து எடுப்பேன். ரெண்டு நாள் தாங்காதுன்னு கடைக்காரங்க தள்ளிவிடுவாங்க பாருங்க, அது. வெலையும் கம்மி."

"மிச்சமானா?"

"ராத்திரி எட்டு மணிக்குக் கூறு கட்டி வித்துடுவேன். வண்டியில ஏது சாமி ஃபிரிட்ஜு?"

ஒரே சந்தை, ஒரே மண்டி, ஒரே ரகம். அப்படியானால் ருசி போனதற்கு விதையை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. டீ ஆறிப்போனது என்பது நினைவிருக்கிறது.

சோதனை

அடுத்த லோடில் ஒரே விவசாயியின் காயாக 14 கிலோ பெட்டிகள் இரண்டைத் தனியாக எடுத்து வைத்தேன். இரண்டிலும் அப்போதுதான் நிறம் திரும்ப ஆரம்பித்த காய்கள். ஒன்றை வழக்கம்போலக் குளிர் அறையில் வைத்தோம். இன்னொன்றைக் கிடங்கில், தரையில் சாக்கு விரித்து, காய் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் பரப்பினோம். பிப்ரவரி என்பதால் கிடங்கில் பெரிய சூடு இல்லை.

ஆறு இரவு. எங்கள் கடையில் தக்காளி குளிரில் கிடப்பது பெரும்பாலும் அவ்வளவு நாள்தான். ஆறாம் நாள் குளிர் அறைப் பெட்டியை வெளியே எடுத்து, ஒரு நாள் சாதாரணச் சூட்டில் வைத்தோம். குளிர்ச்சியே ருசியை அமுக்கிக் காட்டும், அந்தச் சந்தேகம் வரக்கூடாது என்பதற்காக. அன்று காலை தள்ளுவண்டியிலும் ஒரு கிலோ வாங்கினேன்.

மூன்று எவர்சில்வர் தட்டு. அடியில் மஞ்சளால் ஒன்று, இரண்டு, மூன்று என்று பொட்டு வைத்து, எது எது என்று எனக்கு மட்டும் தெரியும்படி நறுக்கி வைத்தேன். உப்பு இல்லை. பில் போடும் பெண்கள், மூட்டை இறக்கும் பையன்கள், காவலாளி, முதலாளி, பிறகு மெஸ் அக்கா. அக்கா வீட்டுக்கும் மூன்று பங்காகக் கொடுத்தனுப்பி, புளி சேர்க்காமல் ரசம் வைக்கச் சொன்னேன். அவருக்கும் எது எது என்று சொல்லவில்லை.

இருவரைத் தவிர எல்லோரும் குளிர் அறைத் தட்டைக் கடைசியில் வைத்தார்கள். தள்ளுவண்டித் தட்டு முதலில். கிடங்கில் பழுத்தது நடுவில், ஆனால் முதலுக்கு அருகில். காவலாளி சொன்ன ஒரு வார்த்தைதான் எனக்குச் சரியான விவரம்: "புளிப்பு இருக்குதுங்க, இனிப்பும் இருக்குது. தக்காளிதான் இல்ல."

அவர் சொன்னது எவ்வளவு துல்லியம் என்று அடுத்த நாள் தெரிந்தது. வேளாண்மை படித்துக்கொண்டிருந்த ஒரு பையன், எங்கள் கீரை சப்ளையரின் மகன், கல்லூரியிலிருந்து பிரிக்ஸ் மீட்டர் கொண்டுவந்தான். ஒரு சொட்டுச் சாற்றை விட்டு வெளிச்சத்தில் பார்த்தால், அதில் கரைந்திருக்கும் சர்க்கரை முதலானவற்றின் அளவைக் காட்டும். குளிர் அறைத் தக்காளியும் கிடங்குத் தக்காளியும் கிட்டத்தட்ட ஒரே அளவு, 4-ஐ ஒட்டி. இனிப்பில் வித்தியாசமே இல்லை. போனது வேறு ஏதோ.

என்ன போனது

நாக்குக்குத் தெரிவது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு போன்ற ஒரு சில சுவைகள்தான். 'தக்காளி' என்று நாம் சொல்கிற அது மூக்குக்குத்தான் தெரியும். தக்காளி பழுக்கும்போது நூற்றுக்கணக்கான வாசனைப் பொருள்கள் காற்றில் ஆவியாகிற வடிவில் உருவாகின்றன. ருசிக்குக் கணக்கானவை அவற்றில் சில டஜன்தான். சளி பிடித்திருக்கும்போது ரசம் சப்பென்று இருப்பது இதனால்தான்.

அமெரிக்காவின் ஃபுளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதையே பரிசோதித்திருக்கிறது. பழுத்த தக்காளியை 5 டிகிரியில் 7 நாள் வைத்து, பிறகு ஒரு நாள் 20 டிகிரியில் வைத்து அளந்தார்கள். சர்க்கரையும் புளிப்பும் பெரிதாக மாறவில்லை. வாசனைப் பொருள்கள் 65 சதவீதம் வரை குறைந்திருந்தன. அவற்றைச் செய்யும் மரபணுக்கள் குளிரில் அடங்கிப்போகின்றன, வெளியே எடுத்த பிறகும் பல முழுசாக எழுந்திருப்பதில்லை. எங்கள் குளிர் அறையும் 5 டிகிரிதான், நாங்கள் வைத்த நாள் கணக்கும் கிட்டத்தட்ட அதுதான். அந்தப் பையன் இதைப் படித்துச் சொன்னபோது, எங்கள் கடையில் வந்து எழுதியதுபோல இருந்தது.

தக்காளி வெப்ப நாட்டுச் செடி. 12, 13 டிகிரிக்குக் கீழே நாள் கணக்கில் வைத்தால் அதற்குப் பாதிப்புதான். அழுகாது, சுருங்காது, சிவப்பாகவும் இருக்கும். அதனால்தான் கழிவுக் கணக்கில் இது தெரியவே இல்லை.

தோட்டத்தில்

கடையின் தப்பு பிடிபட்டது. ஆனால் கிடங்கில் பழுத்த காயும் தள்ளுவண்டிக் காய்க்குக் கீழேதான் நின்றது. அந்த இடைவெளி எங்கே என்று பார்க்க, அந்தப் பெட்டிகளை அனுப்பிய விவசாயியின் தோட்டத்துக்கே போனேன். உடுமலையிலிருந்து குடிமங்கலம் போகும் பக்கம், கிணற்றுப் பாசனம், சொட்டுநீர்க் குழாய், குச்சி நட்டுக் கயிறு கட்டிய செடிகள். மூன்று ஆட்கள் பறித்துக்கொண்டிருந்தார்கள். கூடையில் பாதிக்கு மேல் பச்சை.

"இதையா அனுப்பறீங்க?"

"பழமாப் பறிச்சா அடிப்பெட்டி சந்தைக்குப் போறதுக்குள்ள தொக்கு ஆயிடுமுங்க. நெறம் திரும்பறப்பவே எடுத்தாத்தான் வண்டி ஏறும். கேரளாவுக்குப் போறதுன்னா இன்னும் பச்சையாத்தான் கேப்பாங்க."

பறித்த பிறகு தக்காளி பழுக்கும், சிவக்கும், இளகும். ஆனால் சர்க்கரை இலையில் தயாராகிக் காம்பு வழியாகத்தான் காய்க்குள் போகிறது. காம்பை ஒடித்தால் வரவு நின்றுவிடுகிறது. செடியில் இன்னும் நாலைந்து நாள் இருந்திருந்தால் சேர்ந்திருக்கும் சர்க்கரை, கிடங்கில் எத்தனை நாள் வைத்தாலும் வராது. தள்ளுவண்டிக்காரர் 'நல்லாப் பழுத்ததாப் பார்த்து' எடுத்தார் அல்லவா, அவர் பொறுக்கியது பெரும்பாலும் செடியிலேயே கூடுதல் நாள் இருந்துவிட்ட காயை. சந்தையில் அதற்கு விலை குறைவு!

வரப்பு ஓரமாக ஏழெட்டுச் செடி தனியாக நின்றது. அதில் மட்டும் பழங்கள் நன்றாகச் சிவந்து தொங்கின. அது யாருக்கு என்று கேட்டேன். அவர் மனைவி சிரித்தார். "அது வீட்டுக்குங்க." ஒன்றைப் பறித்துத் துடைத்துக் கொடுத்தார். அதே விதை, அதே தண்ணீர், அதே மண். மீட்டர் கையிலிருந்தது. கடையில் பார்த்ததைவிட ஒரு அளவுக்கும் கூடுதலாகக் காட்டியது. மீட்டர் இல்லாமலும் தெரிந்திருக்கும்.

இன்னொன்றும் அவர் மறைக்காமல் சொன்னார். பறிப்புக்கு முந்தின நாள் தண்ணீர் சற்றுக் கூடுதலாக விடுவதுண்டு, காய் எடை நிற்கும். தண்ணீர் கூடினால் சாறு நீர்த்துப்போகும் என்பது அவருக்கும் தெரியும். "எடைக்குத்தானுங்க காசு" என்றார். அவரிடம் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. அந்த எடைக்குக் காசு கொடுத்தவனே நான்தான்.

விதையின் பங்கு

சரி, விதைக்குப் பங்கே இல்லையா? இருக்கிறது. நாங்கள் நினைத்த வழியில் இல்லை, அவ்வளவுதான்.

பழைய ரகத் தக்காளியில் காயாக இருக்கும்போது காம்பைச் சுற்றிக் கரும்பச்சையாக ஒரு வளையம் தெரியும். பழுக்கும்போதும் அந்த இடம் கடைசியில்தான் நிறம் மாறும். பார்க்க ஒழுங்காக இராது. காய் முழுக்க ஒரே வெளிர்பச்சையாக இருந்து ஒரே சீராகச் சிவக்கும் செடிகளை வெளிநாட்டுத் தாவர வளர்ப்பாளர்கள் பல பத்தாண்டுகளாகத் தேர்ந்தெடுத்து வந்தார்கள். பறிக்கும் பதம் பார்க்கச் சுலபம், கடையில் அழகு. அதற்குக் காரணமான மரபணுவை 2012-ல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகக் குழு கண்டுபிடித்து வெளியிட்டது. காய்க்குள் பச்சையத்தைப் பெருக்கி, காயே கொஞ்சம் சர்க்கரை செய்துகொள்ள உதவும் மரபணு அது. சீராகச் சிவக்கும் ரகங்களில் அது வேலை செய்வதில்லை. அழகுக்காகக் கழித்ததில் கொஞ்சம் இனிப்பும் சேர்ந்து போயிருக்கிறது.

2017-ல் ஃபுளோரிடா குழு 398 வகைத் தக்காளிகளை ஆராய்ந்து, ருசிக்கு முக்கியமான பல வாசனைப் பொருள்கள் இக்கால ரகங்களில் பழையவற்றைவிடக் குறைந்திருப்பதைக் காட்டியது. காய் பெரிதாக ஆகச் சர்க்கரை குறைகிற போக்கும் அதில் தெரிந்தது. யாரும் வேண்டுமென்று ருசியைக் கெடுக்கவில்லை. விளைச்சல், தோல் கெட்டி, நோய் தாங்குதல் என்று பார்த்துப் பார்த்துப் பொறுக்கினார்கள். ருசியை அளப்பது கடினம், செலவு. அளக்காதது தானாக நழுவியது. என் கழிவுக் கணக்குப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தால் நானும் அதே காரியத்தைத்தான் ஆறு நாளில் செய்துகொண்டிருந்தேன்.

ரகத்தை மாற்றுவது எங்கள் கையில் இல்லை. பறிக்கும் பதமும் குளிரும் எங்கள் கையில் இருந்தன. அங்கேதான் கை வைத்தோம்.

எடுத்த முடிவுகள்

மார்ச் முதல் வாரத்தில் முதலாளியுடன் உட்கார்ந்து பேசினோம். தக்காளி இனிக் குளிர் அறைக்குள் போகாது என்பது முதல் முடிவு. அதோடு கத்திரி, வெள்ளரி, மாம்பழம், வாழைப்பழம் ஆகியவையும் வெளியே வந்தன. இவை எல்லாம் அந்தக் குளிரைத் தாங்காதவை.

குளிர் இல்லாமல் ஆறு நாள் வைக்க முடியாது. ஆகவே வாரம் இரண்டு லோடு என்பதைத் தக்காளிக்கு மட்டும் ஒன்றுவிட்டு ஒரு நாள் என்று மாற்றினோம். வண்டி வாடகை கூடும் என்று முதலாளி தயங்கினார். மெஸ் அக்கா போல இன்னும் எத்தனை பேர் சொல்லாமல் போயிருப்பார்கள் என்று கேட்டேன். அதற்கு எங்கள் இருவரிடமும் பதில் இல்லை. அந்தத் தயக்கத்திலேயே ஒத்துக்கொண்டார்.

குடிமங்கலத்து விவசாயியிடம் பாதி சிவந்த பிறகே பறித்த காய் வேண்டும், பெட்டிக்கு 40 ரூபாய் கூடுதல், பெட்டியை 14 கிலோ நிரப்பாமல் 10 கிலோவோடு நிறுத்த வேண்டும் என்று பேசினோம். பறிப்புக்கு முந்தின நாள் தண்ணீர் வேண்டாம் என்றும். எழுத்தில் எதுவும் இல்லை, வாய்ப்பேச்சுதான். இது பின்னால் வலித்தது.

தொடர்ந்து நடந்தது

முதல் இரண்டு வாரம் கழிவு ஏறியது. எதிர்பார்த்ததுதான். எதிர்பார்க்காதது, முதல் சனிக்கிழமையே நடந்தது. 'காய்கறியைக் குளிரில் வைக்கக்கூடாது' என்று இரண்டாவது கிளைப் பையன் புரிந்துகொண்டு, இனிப்பு மக்காச்சோளம், பீன்ஸ், கேரட், கீரை எல்லாவற்றையும் வெளியே எடுத்து அடுக்கிவிட்டான். மக்காச்சோளத்துக்குச் சூடு ஆகவே ஆகாது. பறித்த நேரத்திலிருந்தே அதன் சர்க்கரை மாவாக மாறிக்கொண்டிருக்கும், குளிர் ஒன்றுதான் அதைத் தாமதப்படுத்தும். திங்கட்கிழமை அதைத் தின்றால் ஊறவைத்த மொச்சை மாதிரி இருந்தது. தப்பு அவனுடையதல்ல. ஏன் என்று சொல்லாமல் என்ன என்று மட்டும் சொன்னேன்.

அதிலும் ஒரு லாபம் கிடைத்தது. எங்கள் கேரட் அவ்வப்போது கசக்கும் என்ற பழைய புகாருக்கு அப்போதுதான் காரணம் தெரிந்தது. கேரட்டுக்குக் குளிர் நல்லதுதான். ஆனால் நாங்கள் அதை ஆப்பிள் அட்டைப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் வைத்திருந்தோம். பழுத்த பழங்கள் எத்திலீன் வாயுவை விடும். அது படப்படக் கேரட்டில் கசப்புப் பொருள் உண்டாகும். ஆப்பிளை வேறு மூலைக்கு மாற்றி, நடுவில் தடுப்பு வைத்தோம். கசப்புப் புகார் நின்றது.

ஏப்ரலில் வெயில் தன் வேலையைக் காட்டியது. கிடங்கில் மதியம் 34 டிகிரி. பெட்டியில் இருந்த தக்காளி சிவக்காமல் மஞ்சளும் ஆரஞ்சுமாக நின்றது. 30 டிகிரிக்கு மேல் தக்காளியின் சிவப்பு நிறமி சரியாக உருவாகாது என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. வாடிக்கையாளர்கள் அதைத் தொடவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை இரவு, கழிவுக்குப் பயந்து, கிளை மேலாளர் என்னிடம் சொல்லாமல் எல்லாவற்றையும் மறுபடி குளிர் அறைக்குள் ஏற்றிவிட்டார். செவ்வாய்க்கிழமை மெஸ் அக்கா கடைக்குள் வந்து, கையில் ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு வைத்துவிட்டுப் போனார். ஒரு வார்த்தை பேசவில்லை.

வழி, கணக்கு எழுதும் சின்ன அறையில் இருந்தது. அங்கே ஒரு பழைய ஸ்பிளிட் ஏசி. கணக்கரை முன்பக்கம் மாற்றிவிட்டு அந்த அறையை 20 டிகிரியில் வைத்துத் தக்காளி, மாம்பழம், வாழைத்தார் வைக்க ஆரம்பித்தோம். கணக்கர் ஒரு மாதம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மின்கட்டணம் ஏறியது. ஆனால் காய் ஒழுங்காகச் சிவந்தது, மூன்று நாள் தாங்கியது, வாசனையும் இருந்தது. ஒரு கிளைக்குத்தான் அப்படி அறை இருந்தது. இரண்டாவது கிளையில் மே மாதத்தோடு கைவிட்டோம், அங்கே பழைய முறையே தொடர்ந்தது.

மாம்பழத்தைப் பற்றி ஒரு பத்தி எழுதியே ஆகவேண்டும், ஏனென்றால் வாடிக்கையாளர்கள் ருசிக் குறைவு என்றாலே 'கல்லு வெச்சுப் பழுக்க வெச்சது' என்பார்கள். கார்பைடு கல் சட்டப்படி தடை செய்யப்பட்டது, உடம்புக்கு ஆகாது, அதில் பேச்சில்லை. முறையான எத்திலீன் அறையில் 100 பிபிஎம் வரை, அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் நூறு பங்கு வரை, வாயு விட்டுப் பழுக்கவைக்க உணவுப் பாதுகாப்பு ஆணையம் அனுமதிக்கிறது. பழம் தானே விடுகிற வாயுவும் அதுதான். ஆனால் முற்றாத காயைக் கொண்டுவந்து எந்த முறையில் பழுக்க வைத்தாலும் தோல்தான் மஞ்சளாகும். நாங்கள் அந்த ஆண்டு சீசன் தொடக்கத்தில் வந்த முதல் இரண்டு லோடுகளை வாங்காமல் விட்டோம். திராட்சை, மாதுளை, ஆரஞ்சு போன்றவை பறித்த பிறகு பழுக்கவே செய்யாதவை. அவற்றில் கடை செய்ய முடிந்தது ஒன்றுமில்லை, தின்று பார்த்து வாங்குவதைத் தவிர.

நாட்டுத் தக்காளி முயற்சி

ஜூனில் முதலாளியின் முதல் யோசனைக்கும் ஒரு வாய்ப்புக் கொடுத்தோம். இரண்டு சிறு விவசாயிகளிடமிருந்து வாரத்துக்கு ஆறு பெட்டி. ஒருவர் பி.கே.எம்.1 போட்டிருந்தார். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் அன்னஞ்சி என்னும் உள்ளூர் ரகத்திலிருந்து உருவாக்கிய ரகம் அது. அதைத்தான் மக்கள் நாட்டுத் தக்காளி என்கிறார்கள். புளிப்பு தூக்கலாக இருந்தது. மெஸ் அக்கா ரசத்துக்கு இதுதான் என்று உடனே சொல்லிவிட்டார், புளியைப் பாதியாக்கினார்.

கடையில் அது விற்கவில்லை. தட்டையும் வரிவரியுமான காய். பெண்கள் கூடையில் கை விட்டு, உருண்டையாக வழவழப்பாக இருக்கிறதைப் பொறுக்கி எடுத்து, காம்பைச் சுற்றிப் பச்சையாக இருக்கிறதை ஒதுக்கி வைத்தார்கள். மாலைக்குள் ஒதுக்கியது எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து வெடித்தது. 'நாட்டுத் தக்காளி' என்று பலகை எழுதி வைத்தும் இதே கதை. பலகையைப் படித்துவிட்டுப் 'பரவாயில்லையே' என்று சொல்லிவிட்டு, ஆப்பிள் தக்காளியை எடுத்துக்கொண்டு போனவர்களும் உண்டு. ஐந்து வாரத்தில் நிறுத்தினோம். அந்த விவசாயி இப்போது நேரடியாக மெஸ்ஸுக்கும் பக்கத்து இரண்டு சாப்பாட்டுக் கடைகளுக்கும் கொடுக்கிறார், அது அவருக்கு நல்ல ஏற்பாடாகிவிட்டது.

ஜூலையில் தக்காளி விலை ஏறியபோது குடிமங்கலத்து விவசாயியும் பழைய பதத்துக்கே திரும்பினார். சந்தையில் பச்சைக்கே நல்ல விலை கிடைக்கும்போது எங்கள் 40 ரூபாய்க்காக நாலு நாள் செடியில் விட்டு மழைக்கும் புழுவுக்கும் காவல் காக்க அவருக்கு அவசியமில்லை. விலை இறங்கியதும் மறுபடி பேசினோம். இந்த முறை கூடுதல் தொகையை நிலையாக வைக்காமல், அன்றைய சந்தை விலைக்கு மேல் பத்தில் ஒரு பங்கு என்று வைத்து, ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம்.

செப்டம்பர் நிலவரம்

முதல் கிளையில் தக்காளிக் கழிவு பழைய அளவைவிடச் சற்று மேலே நின்றது, விற்பனையும் மேலே நின்றது. இரண்டையும் கழித்துப் பார்த்தால் லாபம் மிகச் சிறியது. ஏசி செலவைச் சேர்த்தால் வெயில் மாதங்களில் நஷ்டம்கூட. முதலாளி தொடரச் சொன்னார், காரணம் தக்காளிக்கு வருகிறவர்கள் மளிகையும் எடுக்கிறார்கள் என்பது.

மெஸ் அக்கா திரும்பி வந்தார், முழுசாக அல்ல. வார நாட்களில் எங்களிடம், ஞாயிற்றுக்கிழமை தள்ளுவண்டியில். கூட்டம் அதிகமுள்ள நாளில் அவர் இன்னும் எங்களை நம்பவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

மறுபடி செய்தால்

ஒரு வெப்பமானி முதலில் வாங்குவேன். எட்டு மாதத்தில் நான் செய்த தப்புகளில் பாதி, எந்த அறையில் எத்தனை டிகிரி என்று பார்க்காமல் செய்தவை. ஊழியர்களுக்கு 'இதை வெளியே வை' என்று சொல்வதற்குப் பதில், குளிர் தாங்குவது, தாங்காதது, பழத்தின் பக்கத்தில் வைக்கக்கூடாதது என்று மூன்று படம் வரைந்து கதவில் ஒட்டுவேன். விவசாயியிடம் முதல் நாளே தாளில் எழுதுவேன். நாட்டுத் தக்காளியைக் கடை மேடையில் பரப்பாமல், சமைத்து விற்கிறவர்களுக்கு மட்டும் முன்பதிவில் கொடுப்பேன்.

இரண்டாவது கிளையை அவ்வளவு சீக்கிரம் கைவிட்டிருக்கக் கூடாது என்றும் தோன்றுகிறது. அங்கே ஏசி அறை இல்லை, ஆனால் ஒன்றுவிட்டு ஒரு நாள் லோடும் மாலையில் கூறு கட்டி விற்பதும் அங்கேயும் செய்திருக்கலாம். தள்ளுவண்டிக்காரர் வருடக்கணக்காகச் செய்கிறதுதானே.

செப்டம்பர் கடைசியில் ஒரு வாடிக்கையாளர், முன்பு பாராட்டியவர், தக்காளி மறுபடி சப்பென்று ஆகிவிட்டதாகச் சொன்னார். பேசிப் பார்த்ததில், ஞாயிறன்று ஒரு வாரத்துக்கு வாங்கி, கழுவி, டப்பாவில் போட்டு நேராக ஃபிரிட்ஜுக்குள் வைக்கிறார். வீட்டு ஃபிரிட்ஜும் 4, 5 டிகிரிதான். தக்காளிக் கூடைக்கு மேலே 'பழுக்கும்வரை வெளியே வையுங்கள், மூன்று நாளுக்கு மட்டும் வாங்குங்கள்' என்று ஒரு அட்டை தொங்கவிட்டோம். குறைவாக வாங்கச் சொல்லிக் கடையே பலகை மாட்டுவதா என்று கிளை மேலாளர் இரண்டு முறை அதைக் கழற்றினார். மூன்றாவது முறை மாட்டியது இப்போதைக்குத் தொங்குகிறது.